நின்றால் உதறும் வண்டி

ராஜபாளையத்தில் கை துடைக்கிற துணிக்குப் பஞ்சம் கிடையாது. மற்ற ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பழைய பனியன் கிழிசலைக் காசு கொடுத்து வாங்குவார்கள். இங்கே வீட்டுக்கு ஒருவர் நூற்பாலையிலோ பேண்டேஜ் துணிக் கம்பெனியிலோ வேலை பார்க்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகத் தகுதியில்லை என்று கழித்துப் போட்ட வெள்ளைத் துணி மூட்டை மூட்டையாக மெக்கானிக் ஷெட்டுக்கு வந்துவிடும். புண்ணுக்குப் போக வேண்டியது கிரீஸுக்குப் போகிறது. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

மாரிச்சாமியின் ஷெட்டுக்கு அந்தத் துணி அவன் மனைவி வெங்கடேஸ்வரி மூலமாக வந்தது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆபரேஷன் தியேட்டருக்கான சதுரத் துணி தைத்துக் கட்டுவார்கள். உள்ளங்கை அகலம், நாலு மடிப்பு, நடுவில் ஒரு நீல நூல். அந்த நூல் எக்ஸ்ரேயில் தெரியும். வயிற்றுக்குள் மறந்து வைத்துத் தைத்துவிட்டால் கண்டுபிடிக்க அதுதான் வழி. நீல நூல் கோணலாக ஓடினாலோ அறுந்திருந்தாலோ அந்தத் துண்டு கழிவுக்குப் போய்விடும். சனிக்கிழமை தோறும் வெங்கடேஸ்வரி ஒரு பை நிறையக் கொண்டுவந்து ஷெட்டின் மூலையில் கொட்டுவாள். மாரிச்சாமி அதில் கை துடைப்பான், பெட்ரோல் வடிகட்டுவான், எஞ்சினில் எந்தக் குழாயைக் கழற்றினாலும் அந்தத் துவாரத்தை ஒரு துண்டு வைத்து அடைப்பான். உள்ளே நட்டு விழுந்தால் பிறகு சாமியே வந்தாலும் எடுக்க முடியாது என்பான். ஊரில் எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான்.

மாரிச்சாமிக்குச் சொந்த ஊர் ஆலங்குளம். அண்ணன் பட்டாளத்துக்குப் போனான். பின்னாலேயே இவனும் ஆள் சேர்ப்புக்குப் போய் வரிசையில் நின்றான். ஓட்டத்தில் ஜெயித்தான், கயிறு ஏறினான், கடைசியில் டாக்டர் இடது காது மந்தம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு ராஜபாளையத்தில் இறங்கினவன் ஒரு மில்லில் ஃபிட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, அங்கிருந்து லாரி ஷெட்டுக்குத் தாவி, முப்பது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் தனி ஷெட் போட்டான். எஞ்சின் சத்தத்தை வலது காதைத் திருப்பி வைத்துத்தான் கேட்பான். அந்தத் திருப்பலைப் பார்ப்பவர்களுக்கு ஏதோ பெரிய வித்தை நடக்கிற மாதிரி இருக்கும். அவனும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

ஸ்கேனர் வாங்கியது சில வருடங்களுக்கு முன்பு. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் குறையை எழுத்தும் எண்ணுமாகச் சொல்லும். கோடு என்பார்கள். மாரிச்சாமி அந்த எண்களைச் சாமியாடி அருள்வாக்குச் சொல்கிற தோரணையில் வாசிப்பான். அது அவன் பலம். பலவீனமும் அங்கேதான். இந்தத் தொழிலில் தெரியவில்லை என்று சொல்லும் மெக்கானிக்கிடம் மறுபடி யாரும் வண்டி விட மாட்டார்கள். டீ ஆறுவதற்குள் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லி மாரிச்சாமிக்கு வாய் பழகிவிட்டது. கைக்கு முன்னால் வாய் போய் நிற்கும். அந்த வாய்தான் கண்ணுச்சாமி கையிலிருந்த சாவியைப் பிடுங்கியது.

கண்ணுச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் யதிராஜன் வீட்டு டிரைவர். யதிராஜன் குடும்பத்துக்கு ஒரு நந்தவனம் உண்டு. காலையில் அங்கே பறிக்கிற துளசியும் பூவும் கோயிலுக்குப் போகும். அதற்கென்று வாங்கிய வெள்ளைக் கார் பதினேழு வருடமாக ஓடுகிறது. வாங்கின நாள் முதல் ஓட்டுகிறவர் கண்ணுச்சாமி. பூக்கூடை வைக்கிற வண்டி என்பதால் செருப்போடு ஏற மாட்டார். கதவைத் திறந்து, செருப்பை வாசலோரம் கழற்றிவிட்டு, வெறுங்காலோடுதான் கிளட்சை மிதிப்பார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

பங்குனி பிறந்ததும் ஒருநாள் அவர் காரை மாரிச்சாமியின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நின்னா ஒதறுது மாரி. ஓடும்போது அம்புட்டுத் தெரியல. சிக்னல்ல நின்னா போதும், சாமி படம் ஆடுது."

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மாரிச்சாமி ஸ்கேனரைச் செருகினான். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று வந்தது. நாலு பேர் தூக்க வேண்டிய சுமையில் ஒருவன் மட்டும் அவ்வப்போது கையை எடுத்துவிடுகிறான், அவ்வளவுதான் விஷயம்.

"மூணாவது காயில் போச்சுண்ணே" என்றான் மாரிச்சாமி. டீ இன்னும் வரவில்லை.

சந்தேகத்துக்கு, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற அந்த மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டான். கோளாறு காயிலில் இருந்தால் அதுவும் கூடவே ஒன்றாவதுக்குப் போக வேண்டும். வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். கோடு இரண்டாவது சிலிண்டரைக் காட்டியது. மாரிச்சாமி திரையைத் தட்டிப் பார்த்தான். அப்புறம் பிளக்கெல்லாம் பழசு என்று தீர்ப்பை மாற்றினான். நாலு பிளக்கும் புதிதாகப் போட்டு, கோடை அழித்து அனுப்பினான்.

வண்டி மறு வாரமே திரும்பி வந்தது. பெட்ரோல் பீச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். அதற்கடுத்த வாரமும் வந்தது. இந்த முறை பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று இன்னொரு கோடும் சேர்ந்திருந்தது. கம்ப்ரஷன் பார்த்தான், சரியாக இருந்தது. ஒயரெல்லாம் எலி கடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தான், கடிக்கவில்லை. கோடு மட்டும் மூன்று, இரண்டு, நான்கு என்று நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. எடுத்துப் பார்க்காமல் விட்டது எஞ்சினுக்குக் காற்று போகிற பிளாஸ்டிக் மேனிஃபோல்டு ஒன்றைத்தான். அதைக் கழற்றினால் இணைப்பில் காற்று கசியாமல் வைக்கிற கேஸ்கெட் கிழியும். பழைய வண்டிக்குக் கேஸ்கெட் மதுரையிலிருந்து வரவேண்டும். கழற்றாமலிருக்க அது நல்ல காரணமாக இருந்தது.

மூன்றாவது முறை யதிராஜனும் கூட வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர்.

"என்னப்பா மாரிச்சாமி, டாங்க் ரொப்பி நாலு நாள்கூட ஆகலை, முள்ளு கீழ வந்துடறது. கோயிலுக்கும் ஆத்துக்கும் போறதுக்கு இத்தனை பெட்ரோலா? நீயும் என்னென்னமோ மாத்திட்டே."

அந்தக் கடைசி வாக்கியம் மாரிச்சாமிக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த நேரத்தில் ஷெட்டில் வேறு இரண்டு வண்டிக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

"எஞ்சின் வரைக்கும் நான் எல்லாம் பாத்துட்டேன் சாமி. இம்புட்டு பெட்ரோல எஞ்சின் குடிக்காது. அது வேற எங்கயோ எறங்குது."

சொல்லும்போது அவன் கண்ணுச்சாமியை மனதில் வைத்துச் சொன்னானா என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. டாங்கிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி விற்கிற டிரைவர்களை அவன் பார்த்திருக்கிறான். டாங்க் ஒழுகலாம் என்றும் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் கீழே குனிந்து யாரும் ஒழுகலைத் தேடவில்லை. கண்ணுச்சாமி சற்றுத் தள்ளிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் செத்த நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் யதிராஜன் அவரிடம், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ கண்ணுச்சாமி, வேணும்னா சொல்லி அனுப்பறேன்" என்றாராம். திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். அக்கம்பக்கத்தில் டிரைவர் தேடியவர்கள் யதிராஜனிடம் கண்ணுச்சாமியைப் பற்றி விசாரித்தார்கள். அவர் "நல்ல மனுஷர்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்தைப் புரிந்துகொள்ளாதவர் அந்த ஊரில் இல்லை. கண்ணுச்சாமி தெருவில் கேட்டவர்களிடம் முழங்கால் வலி, அதனால் வண்டிக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

இதெல்லாம் மாரிச்சாமிக்குத் தெரியாது. சித்திரை பாதி கழிந்து வெள்ளைக் கார் நாலாவது தடவையாக ஷெட்டுக்கு வந்தபோது டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியது யதிராஜனின் மகன் மதுசூதன். பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பையன். ஷூவோடு இறங்கினான்.

"கண்ணுச்சாமி அண்ணன் வரலையா?"

"அவர் நின்னு ஒரு மாசம் ஆச்சே. நான்தான் ஓட்டறேன். வண்டி அதே மாதிரிதான் உதறறது. பெட்ரோலும் அதே மாதிரி போறது. அப்பா இதைக் குடுத்துடலாம்னு சொல்றார், ஒரு தடவை கடைசியாப் பாத்துடுங்கோ."

மாரிச்சாமி ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அண்ணன் நின்னதுக்குப் பொறவும் பெட்ரோல் போகுதா?"

"அதான் சொல்றேனே."

மதுசூதன் பஸ் ஏறிப் போனபின் மாரிச்சாமி அதே கேள்வியைத் தனக்குத்தானே இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தான். பெட்ரோலை எடுத்ததாக நினைத்த ஆள் போய்விட்டார், பெட்ரோல் போவது நிற்கவில்லை. ஒரு மனிதர் தன் வாயால் வேலை இழந்திருக்கிறார் என்பது அவனுக்கு முதல் தடவையாக உறைத்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அன்று முழுக்க அவன் வேறு வண்டியைத் தொடவில்லை. எஞ்சினைப் போடுவான், உதறலைக் கேட்பான், கோடு பார்ப்பான், அணைப்பான். திரும்பப் போடுவான். ஓடிக்கொண்டிருக்கும் வரை கோடு ஒரே சிலிண்டரில் நிற்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தான். அணைத்துப் போட்டால்தான் அது இடம் மாறுகிறது. கெட்டுப்போன சாமான் இருந்த இடத்தில்தான் இருக்கும், நடந்து போகாது. உள்ளே ஏதோ ஒன்று நடமாடுகிறது என்ற எண்ணம் வந்ததும் அவன் மதுரைக்குப் போன் போட்டுக் கேஸ்கெட் சொன்னான். ராத்திரி வெங்கடேஸ்வரியிடம் கண்ணுச்சாமிக்கு வேலை போன கதையைச் சொன்னான்.

கேஸ்கெட் சனிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் வெங்கடேஸ்வரி வழக்கம்போலப் பையோடு ஷெட்டுக்கு வந்தாள். மாரிச்சாமி மேனிஃபோல்டின் வாயிலிருந்த, காற்றை அளந்து விடுகிற த்ராட்டில் பாடியைக் கழற்றி எடுத்து, கைப்பழக்கத்தில் அந்தத் துவாரத்தில் ஒரு சதுரத் துணியைச் செருகினான். மேல் பக்கச் சின்னக் குழாய் வாயில் இன்னொன்று. வெங்கடேஸ்வரி பையைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன வச்சீக?"

"எத?"

"துணிய. உள்ள எத்தன வச்சீகன்னு கேக்கேன்."

"ஏட்டி, இது என்ன வயிறா? எண்ணி வைக்கதுக்கு?"

"நாங்க அஞ்சு அஞ்சா எண்ணித்தான் கட்டுவோம். நாலும் இருக்கக் கூடாது, ஆறும் இருக்கக் கூடாது. தைக்கதுக்கு முன்னால நர்சம்மா எண்ணுவாகளாம். ஒண்ணு கொறஞ்சா டாக்டரையே தைக்க விட மாட்டாகளாம். சூப்ரவைசர் தெனம் சொல்லுவாக." பையைக் கீழே வைத்தாள். "நீங்க இத்தன வருசமா வைக்கீகளே, எடுத்தத என்னைக்காச்சும் எண்ணுனீகளா?"

மாரிச்சாமி சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. மாசிக் கடைசியில் இதே வண்டி சர்வீசுக்கு வந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. இதே த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரி போகச் சுத்தம் செய்தான். துவாரத்தை அடைத்தான், அது நிச்சயம். பட்டாளத்திலிருந்து அண்ணன் போன் பேசினான், அதுவும் நிச்சயம். பேசி முடித்து வந்து பூட்டினான். நடுவில் துணியை எடுத்தானா என்பது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மீதி போல்ட்டுகளை அவன் கழற்றினான். மேனிஃபோல்டைத் தூக்கி, வாயில் செருகிய துணியை உருவிவிட்டு, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து ஆட்டினான். உள்ளே ஏதோ பொத்தென்று பக்கம் மாறி விழுந்தது. இன்னொரு தடவை ஆட்டினான். எண்ணெயில் ஊறி, கறுத்து, செத்த எலி மாதிரி ஒன்று காகித அட்டை மேல் வந்து விழுந்தது.

வெங்கடேஸ்வரி குனிந்து அதை விரல் நுனியால் எடுத்தாள். பெட்ரோல் கிண்ணத்தில் முக்கி அலசினாள். மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. கறுப்புக்கு நடுவில் ஒரு நூல் மட்டும் நிறம் விடாமல் நீலமாக இருந்தது.

உள்ளே கிடந்த துணி ஒவ்வொரு முறை வண்டியை அணைத்ததும் கீழே விழுந்திருக்கிறது, போட்டதும் காற்று இழுத்த இழுப்பில் ஏதாவது ஒரு சிலிண்டருக்குப் போகும் குழாயின் வாயில் போய் ஒட்டியிருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குக் காற்று குறையும். பெட்ரோல் மட்டும் குறையாமல் இறங்கும், எரியாமல் புகையாகப் போகும். உதறல் அதனால்தான். முள் கீழே வந்ததும் அதனால்தான். எஞ்சின்தான் குடித்திருக்கிறது.

"யதிராஜன் சாமிகிட்ட என்ன சொல்லப் போறீக?" என்றாள் வெங்கடேஸ்வரி.

மாரிச்சாமிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒரு சென்சார் மாற்றினேன் என்றால் முடிந்தது. வண்டி சரியாகிவிட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ராஜபாளையத்தில் கழிவுத் துணி இல்லாத ஷெட் இல்லை, வேறு எவனோ வைத்தது என்றும் சொல்லலாம். ஆனால் நீல நூல் போட்ட துணி வருகிற ஷெட் இது ஒன்றுதான். அது யதிராஜனுக்குத் தெரியாது. கையில் வைத்துக்கொண்டு நிற்கிற இவளுக்குத் தெரியும்.

"சென்சார்னு சொன்னா வண்டி சரியாயிரும்" என்றாள் அவளே. "கண்ணுச்சாமி அண்ணன் சரியாவாகளா?"

அவன் புதுக் கேஸ்கெட்டை வைத்துப் பூட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் எடுத்த துணியை அவள் கையில் கொடுத்தான். வைத்தது இரண்டு, எடுத்தது இரண்டு. எஞ்சினைப் போட்டபோது ஷெட்டில் சத்தமே இல்லாத மாதிரி இருந்தது. மாரிச்சாமி வலது காதைத் திருப்பினான். மூன்று தடவை அணைத்துப் போட்டும் மஞ்சள் விளக்கு எரியவில்லை. இத்தனை நாளில் அவனுக்குச் சந்தோஷம் தராமல் சரியான வண்டி இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு காரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினான். யதிராஜன் வீட்டுக்குப் போகாமல் நேரே கண்ணுச்சாமி வீட்டுத் தெருவில் நிறுத்தினான். அது ஒருவிதக் கோழைத்தனம் என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை. நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டுதான் போனான்.

கண்ணுச்சாமியின் மனைவி கருத்தம்மா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்து உள்ளே போனாள். வா என்று சொல்லவில்லை.

கண்ணுச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். முதலில் அவர் பார்த்தது மாரிச்சாமியை அல்ல. எஞ்சினை அணைக்காமல் நின்ற வண்டியைத்தான்.

"ஒதறல் நின்னுருச்சே" என்றார்.

மாரிச்சாமி பையைப் பிரித்துத் துணியைக் காட்டினான். எங்கே இருந்தது, யார் வைத்தது, எப்போது வைத்தது எல்லாவற்றையும் சொன்னான். சொல்ல வேண்டியதைவிட அதிகமாகச் சொன்னான். அண்ணன் போன் பண்ணினது வரைக்கும் சொன்னான். கண்ணுச்சாமி கேட்டுக்கொண்டே நின்றார்.

"அவியகிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. முதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னுதான்..."

"எங்கிட்ட எதுக்குடா சொல்லுத? நான் எடுக்கலைங்கது எனக்குத் தெரியாதா?"

மாரிச்சாமி துணியைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

"அன்னைக்கு என்னைய வச்சுக்கிட்டுத்தான அவியகிட்டச் சொன்ன? இன்னைக்கும் என்னைய வச்சுக்கிட்டே சொல்லு. வாரேன், எடு வண்டிய."

மாரிச்சாமி சாவியை நீட்டினான். கண்ணுச்சாமி அதை வாங்கவில்லை. பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறினார், செருப்போடு. பதினேழு வருடத்தில் அந்தச் சீட்டில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க மாரிச்சாமிக்குத் துணிச்சல் வரவில்லை.

யதிராஜன் நந்தவனத்திலிருந்து வந்த பூக்கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவர் மனைவி பெருந்தேவி நிலைப்படியில் நின்றாள். காரின் பின் கதவு திறந்து கண்ணுச்சாமி இறங்கியதைப் பார்த்ததும் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாரிச்சாமி இந்த முறை சுருக்கமாகச் சொன்னான்.

"சாமி, இந்தத் துணிய நான்தான் எஞ்சினுக்குள்ள வச்சு மறந்து பூட்டிட்டேன். மாசிக் கடைசியில. அதனாலதான் ஒதறுச்சு, அதனாலதான் பெட்ரோல் போச்சு. எஞ்சின்தான் குடிச்சிருக்கு. அன்னைக்கு வேற எங்கயோ எறங்குதுன்னு நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியல, தெரியலன்னு சொல்லாம அப்படிச் சொல்லிட்டேன்."

யதிராஜன் துணியைப் பார்த்தார். தொடவில்லை. கூடையைக் கீழே வைக்க இடம் தேடுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார். கணக்கில் தப்புப் போட்ட பையனைத் தட்டிக் கேட்டுப் பழகிய மனிதர். தன் கணக்கே தப்பானால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே கண்ணுச்சாமி" என்றார் கடைசியில். "உங்களை ஒண்ணும் கேக்கலையே."

"ஆமா சாமி. நீங்க கேக்கல" என்றார் கண்ணுச்சாமி.

பெருந்தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர்கிட்ட சாவியைக் குடுங்கோ" என்றாள் மாரிச்சாமியைப் பார்த்து. "கோயிலுக்கு நேரமாறது. பழையபடி அவரே எடுக்கட்டும்."

மாரிச்சாமி மறுபடியும் சாவியை நீட்டினான். இந்த முறை கண்ணுச்சாமி வாங்கிக்கொண்டார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். செருப்பை வாசலோரம் கழற்றிவிட்டார். அதைப் பார்த்ததும் யதிராஜன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கூடையை வண்டியில் வைத்துத் தானும் பின்னால் ஏறிக்கொண்டார்.

கோயில் வரை ஒரு குறையும் இல்லாமல் வண்டி போனது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மாரிச்சாமி, கூட்டத்துக்காக வண்டி நின்ற இடத்தில் சாமி படத்தைப் பார்த்தான். படம் ஆடவில்லை. கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டு வாசலில் நிறுத்திய கண்ணுச்சாமி எஞ்சினை உடனே அணைக்கவில்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"சாமி, பெட்ரோல் முள்ள ஒரு தடவ பாத்துக்கிடுங்க. நான் எறங்குதேன்."

யதிராஜன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கண் முள்ளைப் பார்த்துவிட்டது. தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் அந்தப் பார்வையைக் கண்ணுச்சாமியும் பார்த்தார்.

அவர் எஞ்சினை அணைத்தார். சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு இறங்கினார். வாசலோரம் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, பெருந்தேவி காபியோடு வெளியே வருவதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.